அடைக்கலம் தேடிய குடும்பமும் அதைப் பாடிய முனிவரும்
(வீரமாமுனிவர் வாழ்க்கை வரலாறு)



பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணிப் பாடல்கள் சில இடம்பெற்றுள்ளன. தாய் எலிசபெத் அம்மையார் இறந்ததும் மகன் கருணையன் கானகத்தில் தனியே நின்று புலம்பும் பகுதி அது. உணவு தேடும் வகையும், காட்டில் நடக்கும் வழியும் அறியாத தன்னை விட்டுவிட்டுத் தாய் போய்விட்டாளே என்று அவன் கதறுகிறான். திருமுழுக்கு யோவானுக்குத்தான் நூலாசிரியர் கருணையன் என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

மனப்பாடப் பகுதிக்காக ஒரு மாலை அதை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் பாட்டி கையை நிறுத்தினார். அந்தத் தாயும் பிள்ளையும் ஊரிலே இருக்காமல் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்று கேட்டார். தேர்வில் கேட்கப்படாத கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். ஏரோது மன்னன் பெத்லகேம் பகுதிக் குழந்தைகளைக் கொல்லச் சொன்னபோது, எலிசபெத் அம்மையார் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்கு ஓடி ஒளிந்தார் என்பது திருச்சபையின் பழமையான மரபு என்று அவர் விளக்கினார். அப்படியானால் அவர்கள் வாளுக்குத் தப்பி ஓடியவர்கள்! இதை வந்து சொன்னதும் பாட்டி தலையை மட்டும் அசைத்தார்.

என் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் இந்தியர்களின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு, 1964-ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர். பாட்டியின் கேள்விதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது. ஓடிவந்தவர்களின் துயரத்தை இவ்வளவு நெருக்கமாகப் பாடியவர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்?

போர்கள் சூழ்ந்த ஊர்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரத்துக்கு அருகில், காஸ்திலியோனே என்றொரு சிற்றூர் உள்ளது. இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்தது அந்த ஊரிலேதான். அதே ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்குக் கொன்ஸ்தான்சோ சூசை பெஸ்கி என்று பெயரிட்டார்கள். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதியுடையவன் என்று பொருள். சூசை என்பது நம் சூசையப்பர் பெயரே. பிற்காலத்தில் எந்தப் புனிதரைப் பற்றி ஒரு காப்பியமே பாடப்போகிறாரோ, அந்தப் புனிதரின் பெயரைப் பிறந்த அன்றே அவர் தாங்கிவிட்டார்!

பெஸ்கி 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். பின்னர் ராவென்னா நகரில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அக்காலத்தில்தான் ஸ்பெயின் நாட்டு அரியணை யாருக்கு என்ற சண்டை பெரும்போராக மூண்டது. 1701-இல் தொடங்கிய அப்போரில் அயல்நாட்டுப் படைகள் வட இத்தாலிக்குள் புகுந்தன. மாந்துவா நகரம் முற்றுகையிடப்பட்டது. 1706-ஆம் ஆண்டு செப்டம்பரில் காஸ்திலியோனே அருகிலேயே கடும்போர் நடந்தது. போர் என்பதைப் பெஸ்கி ஏட்டில் மட்டும் படித்தறியவில்லை. அது அவருடைய சொந்த மண்ணையே மிதித்துச் சென்றது.

பொலோஞா நகரில் மறைநூல் பயின்று, 1709-இல் அவர் குருப்பட்டம் பெற்றார். மதுரை மறைப்பணிக்குச் செல்ல வேண்டும் என்று சபைத் தலைவரிடம் விரும்பிக் கேட்டு அனுமதி பெற்றார். பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காக் கண்டத்தைச் சுற்றிவரும் நெடும்பயணம் அது. 1710-இல் கோவாவில் கரையிறங்கினார். அடுத்த ஆண்டு தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அதன் பிறகு அவர் தம் தாய்நாட்டைப் பார்க்கவேயில்லை.

ஊமையாய் வந்தவர் ஆசானானார்

முப்பது வயதில் ஒருவர் புதிய மொழியின் அரிச்சுவடியைத் தொடங்குவது எளிதான செயலா? கற்றறிந்த ஓர் ஆசிரியர், வந்த நாட்டில் தண்ணீர் கேட்கவும் சொல் தெரியாமல் நிற்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? நாட்டை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் துன்பம் உண்டு. என் பாட்டி இங்கே பள்ளியில் சேர்ந்தபோது அவருக்குப் பர்மிய எழுத்து தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. தம்மைவிடச் சிறிய பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து அ, ஆ எழுதினார். அவருடைய பேச்சில் பர்மியச் சொல் கலந்துவிட்டால் வகுப்பே சிரிக்குமாம்.

பெஸ்கி இந்தத் தடையைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. இவருக்கு நூறாண்டுகளுக்கு முன் 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில் காவியுடை அணிந்தார். மரக்கறி உணவே உண்டார். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் மாணவராய் அமர்ந்து தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். தைரியம் வடசொல் என்பதால் அதுவே பின்னர் வீரமாமுனிவர் என்ற செந்தமிழ்ப் பெயராயிற்று.

தாம் ஏறிய பின் ஏணியை எடுத்துவிடும் மனிதர் பலர். வீரமாமுனிவரோ தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் படிக்கட்டே கட்டினார். தமிழ் கற்க வரும் அயல்நாட்டவருக்காகப் பேச்சுத் தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இலத்தீன் மொழியில் இலக்கணங்கள் எழுதினார். இவற்றுள் பேச்சுத் தமிழ் இலக்கணமான கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். தமிழர்களுக்காக ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கத்தை இயற்றினார்.

அக்காலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட வேண்டுமானால் செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர் என்ன செய்வார்? வீரமாமுனிவர் சொற்களை அகரவரிசையில் அடுக்கி, 1732-இல் சதுரகராதியைத் தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டதால் அதற்கு அப்பெயர். இன்று நாம் அகராதியைப் புரட்டி நொடியில் சொல் தேடுகிறோமே, அதற்கு வழிகாட்டியது இந்நூல்தான்.

எழுத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. பனையோலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவர். இதனால் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. எடு என்று எழுதியிருக்கிறதா, ஏடு என்று எழுதியிருக்கிறதா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். ஏ என்பதன் கீழே நாம் இழுக்கும் கோடும், ஓ என்பதன் சுழியும், கே, கோ போன்ற எழுத்துகளில் இடும் இரட்டைக் கொம்பும் அவர் வழக்கில் கொண்டுவந்த சீர்திருத்தங்கள். மொழி தெரியாமல் திகைத்து நின்ற ஒருவருக்குத்தான் அடுத்தவர் எங்கே திகைப்பார் என்பது தெரியும் அன்றோ?

காவலூர் என்னும் ஊர்

அவர் வாழ்வு பூப்படுக்கையாக இருக்கவில்லை. 1714-15-ஆம் ஆண்டுகளில் தென்பாண்டி நாட்டில் பணியாற்றியபோது சிறைப்பிடிக்கப்பட்டார். மரண தண்டனை வரை சென்று உயிர் தப்பினார். உயிரச்சம் எப்படியிருக்கும் என்பதை அப்போது அவர் நேரில் அறிந்தார்.

பின்னர் அவர் ஏலாக்குறிச்சியில் தங்கினார். அது கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அதே கொள்ளிடம்தான் கிழக்கே வந்து நம் சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடிக் கடலில் கலக்கிறது. அன்று ஆற்றின் தென்கரையில் தஞ்சை மராத்திய மன்னர்களின் ஆட்சி நடந்தது. அங்கே துன்பம் நேர்ந்தபோதெல்லாம் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தன. அங்குள்ள ஆலயத்தில் மரியன்னைக்கு அடைக்கலமாதா என்பதே பெயர். அவ்வூருக்கு வீரமாமுனிவர் வைத்த பெயர் திருக்காவலூர். அன்னையின் புகழைத் திருக்காவலூர்க் கலம்பகம் என்ற நூலாகப் பாடினார். ஓடி வருகிறவர்களுக்கு ஓர் ஊரையும், அந்த ஊருக்கு ஒரு பெயரையும், அந்தப் பெயருக்கு ஒரு பாட்டையும் தந்த கவிஞர் அவர்.

நம் கடலூர் மாவட்டத்துக்கும் அவர் நெருங்கிய உறவினரே. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் இன்றும் புகழோடு விளங்குகிறது. அங்கே தேவதாய் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாகக் காட்சி தருகிறார். விருத்தாசலம் கோயிலில் உள்ள அம்மனின் பெயரும் பெரியநாயகியே. சுற்றுவட்டார மக்களின் நாவில் பழகிய பெயராலேயே அவர் அன்னையை அழைத்தார். ஜனவரி மாதத் தேர்த்திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். தேம்பாவணி இந்த ஊரில் இருந்தபோது பாடப்பட்டது என்று அங்குள்ள பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

வாடாத மாலை

தேம்பாவணி 1726-இல் உருவானது. அவர் தமிழகம் வந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள்! வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் அதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் சொல்வர்.

காப்பியங்களில் பெரும்பாலும் வேந்தர்களும் வீரர்களும் தலைவர்களாக வருவார்கள். இக்காப்பியத்தின் தலைவர் ஒரு தச்சர். சூசையப்பருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார் வீரமாமுனிவர். இந்த வளன் போர் செய்து நாடு பிடித்தவர் அல்லர். மனைவியையும் கைக்குழந்தையையும் காப்பாற்றுவதற்காக இரவோடிரவாக நாட்டை விட்டு வெளியேறியவர்.

மத்தேயு நற்செய்தியில் எகிப்துக்கு ஓடிய செய்தி சில வரிகளில் முடிந்துவிடும். கனவில் வானதூதர் எச்சரிக்கிறார், சூசை எழுகிறார், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு போகிறார். வீரமாமுனிவர் அதை விரித்துப் பாடினார். பாலையும் காடும், வழிநடையின் களைப்பும், அந்நிய நாட்டின் வாழ்வும் அவர் பாட்டில் உயிர் பெற்றன. மண்ணை விட்டு வந்த ஒருவர், மண்ணை விட்டு ஓடிய ஒரு குடும்பத்தைப் பாடினார். தம்முடைய சொந்தப் பிரிவைப் பற்றி அவர் தனியே பாடவில்லை. ஆனால் தாயைப் பிரிந்து கானகத்தில் நிற்கும் கருணையனைப் படிக்கும்போது, கடல்களுக்கு அப்பால் தம்மவரை விட்டுவந்த ஒரு மகனின் குரலும் அதில் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு புதுமையும் உண்டு. யூதேயா நாட்டை வருணிக்கும் நாட்டுப் படலத்தில் நாம் காண்பது தமிழ்நாட்டின் மழையும் ஆறும் வயலும்தான். யூதேயா தமிழ் நாட்டைப் போல இருக்காது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் திருக்குடும்பம் தமிழர் வீட்டுத் திண்ணையில் அந்நியராய் நிற்கக்கூடாது என்று அவர் நினைத்தார் போலும். தமக்கு இம்மண் வீடானது போல அவர்களுக்கும் இம்மண்ணில் வீடு தந்தார்.

இவ்வளவு பெரிய காப்பியம் பாடிய அதே கை, நம்மைச் சிரிக்க வைக்கவும் தயங்கவில்லை. பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் அவருடைய ஐந்து சீடர்களையும் படைத்தவர் அவரே. தாத்தா பாட்டியிடம் நாம் கேட்டுச் சிரித்த அந்தக் கதைகள் 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தன.

மீண்டும் போர்

முதுமையிலும் போர் அவரை விடவில்லை. 1736-இல் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். அவரைக் கண்டு தம் மக்களுக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டும் என்பதற்காக வீரமாமுனிவர் பாரசீகமும் உருதும் கற்றார் என்பது வழிவழிச் செய்தி. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு மீண்டும் ஓர் அரிச்சுவடி! தமக்காக அன்று, தம்மை நம்பி வந்த குடும்பங்களுக்காக.

அந்த அமைதியும் நீடிக்கவில்லை. மராத்தியப் படைகள் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டு, 1741-இல் சந்தா சாகிபைச் சிறைபிடித்துச் சென்றன. அறுபது வயதில் வீரமாமுனிவர் தாம் முப்பதாண்டுகள் பழகிய காவிரிக் கரையை விட்டு நீங்க நேர்ந்தது. அடைக்கலம் தந்தவரே அடைக்கலம் தேடும் காலம் வந்தது. இறுதி நாட்களைக் கேரளத்தின் அம்பழக்காட்டில் கழித்து, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இரண்டு ஊர்கள் சொல்லும் பாடம்

அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னர் அவர் பிறந்த ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் காஸ்திலியோனேயின் அருகில் சோல்பரீனோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. காயம்பட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆலயமே மருத்துவமனை ஆயிற்று. அவ்வூர்ப் பெண்கள் நண்பன் யார், பகைவன் யார் என்று பாராமல், அவர்களுடைய மொழி புரியாவிட்டாலும், எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயம் கட்டினார்கள். தற்செயலாக அங்கு வந்து அதைக் கண்டு தாமும் உதவிய ஹென்றி துனாந்த் என்பவரின் முயற்சியால்தான் 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. கையில் செஞ்சிலுவைப் பட்டை அணியும் தோழிகள், அந்த இயக்கத்தின் தொட்டில் நம் வீரமாமுனிவரின் பிறந்த ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்திலியோனே காயம்பட்டவர்களுக்குக் கதவு திறந்தது. திருக்காவலூர் ஓடி வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. இரண்டு ஊர்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

1968-இல் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் பிறந்த நவம்பர் 8-ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது. இவை அவருக்குத் தகுந்த சிறப்புகளே. ஆனால் நாம் அவருக்குச் செய்யக்கூடிய சிறப்பு ஒன்று மீதமிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டுக்கு இலங்கையிலிருந்து வந்தவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் கட்டடம் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பில் வந்து உட்காரும்போது ஒரு சொல் தவறினால் நாம் சிரித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் இடத்தில்தான் ஒரு நாள் வீரமாமுனிவர் இருந்தார். அன்று யாரோ ஒரு தமிழர் சிரிக்காமல், பொறுமையோடு அவருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொறுமைக்குத் தமிழ் பெற்ற கைம்மாறுதான் தேம்பாவணி.

சென்ற திருவிழாவுக்குப் பாட்டியோடு கோணான்குப்பம் போயிருந்தேன். கூட்டம் குறைந்த நேரத்தில் பாட்டி அன்னையின் முன் நின்று முணுமுணுத்தார். அருகில் சென்று கேட்டேன். பாதி தமிழாகவும் பாதி பர்மிய மொழியாகவும் இருந்தது. ஏன் பாட்டி இப்படி என்று கேட்டதற்கு, சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த செபம் அப்படித்தான் வாயில் வருகிறது என்றார். எந்த மொழியில் சொன்னாலும் தாய்க்குப் புரியாமல் போகுமா? அன்று நான் சிரிக்கவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க தமிழ்!

— பத்தாம் வகுப்பு மாணவி